தாடி இல்லாத தாடிக்காரன்

பல் டாக்டரின் மீசையைப் பற்றி ஊருக்குள் உலவும் கதைகளில் பாதிதான் பொய். மழை வருவதற்கு முன்னால் அதன் இடது நுனி தானாக மேலே எழும்பும் என்பது உண்மை. துணி காயப்போடும் அக்கம்பக்கத்தார் வானத்தைப் பார்ப்பதை விட்டு வெகுகாலம் ஆகிறது. பல் பிடுங்கும்போது நோயாளிகள் அந்த மீசையைப் பிடித்துக்கொண்டுதான் வலியைத் தாங்கினார்கள் என்பது பொய். அப்படிச் செய்தவர் ஒரே ஒருவர். அவரும் லாரி டிரைவர். பதற்றத்தில் ஸ்டியரிங் என்று நினைத்துவிட்டார். டாக்டர் இடது பக்கமாகத் திரும்பிக்கொண்டே அந்தப் பல்லைப் பிடுங்கி முடித்தார்.

ஆனால் மீசை அழகுக்காக வளர்த்ததல்ல. அது ஒரு திரை. திரைக்குப் பின்னால் டாக்டரின் மேல்வரிசை முன்பற்கள் இரண்டும், ஒன்றின்மேல் ஒன்று கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தன. பல் கோணிய பல் டாக்டரிடம் எவன் வந்து வாயைத் திறப்பான்? படிப்பு முடிவதற்குள் மீசையை வளர்த்து முடித்துவிட்டார். உதட்டைத் திறக்காமல் கண்ணாலும் தோளாலும் சிரிக்கப் பழகிக்கொண்டார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது கிளினிக்கை மூடினாரே தவிர மீசையைத் தொடவில்லை.

அதற்கு வேறொரு காரணம் இருந்தது. மகளுக்குப் பால்பல் விழுந்து புதுப்பல் முளைத்தபோது, அதே இரண்டு பற்களும் அதே மாதிரி கால்மேல் கால் போட்டுக்கொண்டு வந்தன. "யாரு பல்லுங்க இது?" என்று மனைவி கேட்டாள். டாக்டர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, ஆஸ்பத்திரிக் குரலில், "உங்க அண்ணன் பல்லு. தாடை அமைப்பைப் பாத்தாலே தெரியுதே" என்றார். அப்புறம் அவள் பாட்டன் பூட்டன் தாடை வரைக்கும் போய் வந்தார். டாக்டர் மகளுக்குக் கம்பி போட்டுப் பல்லை நேராக்கிவிட்டார். தீர்ப்பு மட்டும் நேராகவில்லை. பியானோக் கட்டை மாதிரி வரிசையான பல்வரிசை கொண்ட அந்த மச்சான், தன் வம்சத்தில் ஏதோ கோளாறு என்று நம்பி, அன்றிலிருந்து எல்லாப் போட்டோவிலும் கையால் வாயை மூடிக்கொண்டு நின்றார். மீசை போனால் அந்தத் தீர்ப்பும் போய்விடும். டாக்டருக்கு உலகத்தில் வேறு பயம் கிடையாது.

அந்த மீசைக்கு ஒரு எதிரி இருந்தார். அவர் டாக்டரின் சம்பந்தி.

மகள் காதலித்துக் கட்டிக்கொண்டது சலூன் வைத்திருப்பவரின் மகனை. நல்ல பெரிய சலூன். சுற்றிவர கண்ணாடி, சுழலும் நாற்காலிகள். சம்பந்தி தன் முகத்தில் ஒரு மயிரையும் தங்கவிடமாட்டார். காலையில் ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை மழித்துக்கொள்வார். அவர் கன்னத்தில் ஈ உட்கார்ந்து வழுக்கி விழுந்ததைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். இரண்டு குடும்பமும் முதன்முதலாகச் சந்தித்த அன்று எல்லோரும் மாப்பிள்ளையையும் பெண்ணையும் பார்த்துக்கொண்டிருக்க, அவர் மட்டும் டாக்டரின் உதட்டுக்கு மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மீசையை யாரு வெட்டி விடறாங்க சம்பந்தி?"

"நானேதான்."

"தெரியுது" என்றார்.

அந்த ஒற்றை வார்த்தையை டாக்டர் மறக்கவில்லை. அந்த மீசைமேல் கத்தரியை வைத்துவிட வேண்டும் என்ற ஆசையைச் சம்பந்தியும் மறக்கவில்லை. இப்படிப்பட்ட இருவரை ஒரே மேசையில் உட்காரவைத்தது ஒரு பானைக் காசு.

சாக்கடைக்குக் குழி தோண்டும்போது மண்பானை ஒன்று கிடைத்தது. உள்ளே பழைய ரோமானிய வெண்கலக் காசுகள். பேரரசு முடியப்போகிற காலத்தில் அடித்த சின்னச் சின்னச் சில்லறை. சட்டைப் பித்தான் அளவுதான் ஒவ்வொன்றும். தரையில் விழுந்தால் தேடும்போது பித்தான்தான் கிடைக்கும், காசு கிடைக்காது. மண்ணும் பச்சைக் களிம்பும் ஏறி, பாதி காசுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிட்டிருந்தன. உள்ளூர் அருங்காட்சியகத்தின் காப்பாட்சியர் ஒரு இளம்பெண். ஆள் இல்லை, கை இல்லை, நேரம் இல்லை. கை நடுங்காத, வேலையில்லாத பெரியவர்கள் உதவிக்கு வரலாம் என்று வாசலில் எழுதிப் போட்டாள். டாக்டர் தன் பழைய கருவிப்பெட்டியோடு போனார். பல்லிடுக்கில் நுழையும் கொக்கிகளுக்கு எழுத்திடுக்கு ஒரு பொருட்டா? துணைக்குப் போன சம்பந்தி பூதக்கண்ணாடியில் ஒரு காசைப் பார்த்தார்.

"ஒரு பக்கம் பூரா தலைதானே? தலைன்னா என் வேலை" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

செவ்வாய்க்கிழமை காலை என்றால் அருங்காட்சியகத்தின் பின்னறை அவர்களுடையது. ஜன்னலை ஒட்டி ஒரு நீள மேசை, கழுத்தை வளைக்கும் இரண்டு விளக்குகள், டிஸ்டில்ட் வாட்டரில் ஊறும் காசுகளோடு வரிசையாகக் கண்ணாடிக் கிண்ணங்கள். கிண்ணங்களைப் பார்க்கும்போதெல்லாம் டாக்டருக்குப் பல்செட்டு ஊறுவதாகவே தோன்றும். தண்ணீர் மாற்றுவது, மரக்குச்சியால் மண்ணை நெம்புவது, மெல்லிய தூரிகையால் துடைப்பது, பிறகு விளக்கைச் சாய்த்து நிழலில் உருவம் தெரிகிறதா என்று பார்ப்பது. காசில் வெளிர்பச்சையாகப் பொடி கிளம்பினால் அது உலோகத்தைத் தின்னும் நோய். டாக்டர் அதற்குச் "சொத்தை" என்று பெயர் வைத்தார். "இவனுக்குக் கடைவாய்ப் பக்கம் சொத்தை. தனியா வைங்க, மத்தவனுக்கும் ஒட்டிக்கும்" என்பார்.

பெயர் வைப்பதுதான் அவர்களுக்குப் பெரிய வேலை. காப்பாட்சியர் லத்தீனில் ஒரு வரி சொல்வாள். அது இந்தக் காதில் நுழையும்போதே மூச்சு வாங்கும். ஆகவே பின்பக்கத்துப் படத்தை வைத்து இருவரும் சொந்தமாகப் பெயர் சூட்டினார்கள். நடுவில் கொடியும் இருபுறமும் வீரர்களுமாக நிற்கும் காசு 'வாட்ச்மேன்'. முதலில் அடித்தவற்றில் இரண்டு கொடி, பிற்பாடு காசு சிறுத்தபோது ஒரே கொடி. "செலவைக் குறைச்சிட்டானுங்க" என்றார் சம்பந்தி. குதிரையிலிருந்து கவிழ்பவனை வீரன் ஈட்டியால் குத்தும் காசு 'விழுந்தான்'. சிறகு முளைத்த வெற்றித் தேவதை ஒரு கைதியைத் தலைமுடியைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகும் காசு 'ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போறா'. இரண்டு தேவதைகள் எதிரெதிரே வளையத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பதற்கு 'சம்பந்தியம்மாக்கள்'. பேரரசர் ஒரு கையில் உருண்டையும் மறு கையில் ஈட்டியுமாக நிற்பது 'பந்துக்காரன்'. கொஞ்ச நாளில் காப்பாட்சியரே, "டாக்டர் சார், அந்த ஸ்கூலுக்குப் போறவ எங்க?" என்று கேட்கத் தொடங்கிவிட்டாள். மேலதிகாரி ஒருவர் வந்திருந்தபோதும் அப்படியே கேட்டுவிட்டாள். அவர், ஊழியர்களில் யாரோ ஒருத்தியின் குழந்தையைப் பற்றி விசாரிக்கிறாள் என்று நினைத்து, மனிதாபிமானமுள்ள பெண் என்று எழுதிவிட்டுப் போனார்.

முன்பக்கத்துத் தலைகளுக்கும் பெயர் உண்டு. அந்தக் காலத்துப் பேரரசர்கள் பெரும்பாலும் மழமழவென்று மழித்த முகக்காரர்கள். சம்பந்திக்கு அவர்கள்மேல் மரியாதை. ஒருவன் மட்டும் தாடியோடு இருந்தான், ஜூலியன். அவனுக்கு இயல்பாகவே 'தாடிக்காரன்' என்று பெயர் விழுந்தது.

அவனைப் பற்றிக் காப்பாட்சியர் பாடம் எடுத்த அன்று ஒரு அசம்பாவிதம் நடந்தது. ஜூலியனுக்கு முன்னால் ஆண்ட கான்ஸ்டான்டியஸ் அவனுடைய பெரியப்பா மகன் என்றாள். அதுவரை சரி. அந்தக் கான்ஸ்டான்டியஸ் தன் கூடப்பிறந்த தங்கையை ஜூலியனுக்குக் கட்டிவைத்தான் என்றாள்.

சம்பந்தி தூரிகையைக் கீழே வைத்தார். "மேடம், ஒரு நிமிஷம். பெரியப்பா மகன் தங்கச்சின்னா?"

"பெரியப்பா மகள்."

"அப்ப அவனுக்கு என்ன முறை?"

"ரோம்ல அதெல்லாம்..."

"ரோம்ல இருந்தா முறை மாறிடுமா? கூடப்பிறந்தவ மாதிரி இல்லையா?" என்றார் டாக்டர், தாமும் தூரிகையை வைத்துவிட்டு.

அன்று காலை முழுதும் பேரரசரின் குடும்ப மரத்தை ஒரு அட்டையில் வரைந்து, எங்கேயாவது மாமன் மகள் முறை வருகிறதா என்று தேடினார்கள். வரவில்லை. செய்தி வீடுவரை போய், சம்பந்தியம்மா இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை. அந்தக் காசைத் தொட்ட கையால் பேரக்குழந்தையைத் தூக்க வேண்டாம் என்று கணவரிடம் சொல்லிவிட்டாள். காப்பாட்சியரின் பாடத்தில் மீதி இருந்த பாதி அப்படியே நின்றுபோனது. அந்த மீதிப் பாதி இல்லாததால்தான் பின்னால் எல்லாம் நடந்தது.

கண்ணாடிப் பெட்டியில் வைக்கக் காசுகளைத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்த சமயம். ஒரு பந்துக்காரன் கிடைத்தான். பின்பக்கம் அச்சு அசலாக இருந்தது. பந்து, ஈட்டி, முழங்கால் எல்லாம் தெளிவு. முன்பக்கம்தான் தகராறு. எழுத்து இருந்த ஓரமெல்லாம் களிம்பு. தலையின் மேல்பாதியும் களிம்பு. நடுவே மூக்கும் உதடும் மட்டும் வெளியே வந்திருக்க, தாடையில் திப்பித்திப்பியாக ஏதோ தொங்கியது.

சம்பந்தி பூதக்கண்ணாடியை எடுக்கும் முன்பே சொல்லிவிட்டார். "தாடிக்காரன்."

டாக்டர் வாங்கிப் பார்த்தார். விளக்கை ஒரு பக்கம் சாய்த்தார், மறுபக்கம் சாய்த்தார். "தாடியும் இல்ல, ஒண்ணும் இல்ல. மண்ணு. இது அண்ணன்காரன், கான்ஸ்டான்டியஸ்."

"சம்பந்தி, நான் தாடி பாத்த அளவுக்கு நீங்க மனுஷனையே பாத்திருக்க மாட்டீங்க. இது வளர்ந்த தாடி. காதுகிட்டேருந்து இறங்குது பாருங்க."

"நான் பல்லுல படிஞ்ச காறை பாத்த அளவுக்கு நீங்க தாடி பாத்திருக்க மாட்டீங்க. தாடின்னா தோல்லேருந்து வரணும். இது மேல உக்காந்திருக்கு."

"நல்லா இழை இழையா இருக்கு!"

"காறையும் அப்படித்தான் இருக்கும். உங்க பல்லைக் காட்டுங்க, காட்டறேன்."

காப்பாட்சியர் தலையை நிமிர்த்தாமல், "ரெண்டு பேரும் சத்தம் போடாதீங்க, வெளியில ஆளுங்க இருக்காங்க" என்றாள். வெளியில் ஆளே கிடையாது. அருங்காட்சியகத்துக்கு வருகிறவர் பெரும்பாலும் மழைக்கு ஒதுங்குகிறவர். அவரும் டாக்டரின் மீசையைப் பார்த்துத்தான் வருவார்.

அப்போதுதான் டாக்டரின் வாயிலிருந்து அது வந்தது. எத்தனையோ வருஷமாகத் திறக்காத உதடு, அன்று தேவையில்லாமல் திறந்தது.

"இவன் தாடிக்காரன்னா நான் என் மீசையை எடுத்துடறேன்!"

கிண்ணத்தில் ஊறிக்கொண்டிருந்த காசுகள்கூடக் குமிழி விடவில்லை. சம்பந்தியின் கண்ணில் ஒரு வெளிச்சம் ஏறியது.

"மேடம், கேட்டீங்கல்ல?"

"கேட்டேன் சார்."

"சரி. எனக்கும் ரோஷம் இருக்கு. இது தாடி இல்லன்னா, இந்த மூஞ்சியில நான் தாடி வளர்க்கறேன்."

சொன்னபிறகு இருவரும் தங்கள் தங்கள் முகத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார்கள்.

காசைச் சுத்தம் செய்ய டாக்டரைத் தவிர வேறு ஆள் இல்லை. "நீங்களே தாடியைச் சுரண்டி எடுத்துட்டு, இல்லைன்னு சொல்லிட மாட்டீங்களே?" என்றார் சம்பந்தி. டாக்டருக்கு உள்ளே சுருக்கென்றது. அதில் நியாயம் இருந்தது. வெண்கலத்தில் செதுக்கிய நிஜத் தாடி என்றால், கொக்கியை ஒரு இழை அழுத்தினாலும் போய்விடும். அப்புறம் காசும் கெட்டது, வாக்கும் கெட்டது. ஆகவே காப்பாட்சியர் பக்கத்தில் உட்கார்ந்தாள். சம்பந்தி தோளுக்கு மேலே மூச்சு விட்டார். டாக்டர் முதலில் மரக்குச்சிதான் எடுத்தார்.

தாடையின் நுனியில் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்தார். காத்திருந்தார். குச்சியால் மெல்ல நெம்பினார். ஒன்றும் அசையவில்லை. மறுபடி சொட்டு, மறுபடி நெம்பல். பல்லீறுக்குப் பக்கத்தில் வேலை செய்யும்போது வருகிற அமைதி அவருக்கு வந்துவிட்டது. பந்தயம் மறந்துபோனது, மீசை மறந்துபோனது. கையில் ஒரு தாடை இருந்தது. அதற்கு வலிக்கக் கூடாது. அவ்வளவுதான் அவருக்குத் தெரிந்தது.

"கொஞ்சம் வாயைத் திறங்க" என்றார் பழக்கதோஷத்தில். சம்பந்தி திறந்தார்.

மரக்குச்சிக்கு மசியாத இடத்தில், காப்பாட்சியரிடம் கேட்டுக்கொண்டு, ஆக மெல்லிய கொக்கியை எடுத்தார். களிம்புக்கும் உலோகத்துக்கும் நடுவே ஒரு கோடு போல இடைவெளி இருந்தது. அதில் நுனியை நுழைத்துச் சாய்த்தார். தாடி முழுசாக, ஒரே துண்டாக, மேசைமேல் குதித்து விழுந்தது.

அடியில் வழவழவென்று ஒரு இளந்தாடை. அம்மை போட்ட தழும்புகூட இல்லை.

"காறை!" என்றார் டாக்டர். கண்ணும் தோளும் சேர்ந்து சிரித்தன. "சம்பந்தி, ரேசரைப் பீரோவுல வச்சுப் பூட்டுங்க."

சம்பந்தி மேசைமேல் கிடந்த தாடியை விரலால் தள்ளிப் பார்த்தார். தன் கன்னத்தை ஒருமுறை, விடைபெறுவது போல, தடவினார். பிறகு குனிந்து பூதக்கண்ணாடியை வாங்கிக்கொண்டார். அவர் தாடையைப் பார்க்கவில்லை. தலையைப் பார்த்தார்.

"மேலயும் கொஞ்சம் சுத்தம் பண்ணுங்க."

"எதுக்கு? முடிஞ்சுதே."

"தலை பாக்காம நான் எந்த ஆளையும் வெளியில அனுப்பினது இல்ல. பண்ணுங்க."

வெற்றி பெற்றவரின் தாராளத்தோடு டாக்டர் நெற்றிப் பக்கமும் களிம்பை எடுத்தார். நெற்றிமேல் முன்புறமாக வாரிவிட்ட முடி ஒவ்வொரு கற்றையாக வெளிவந்தது. காதுக்கு மேலே, பின்மண்டை, கழுத்து. வெறும் முடி.

"முத்து ரிப்பன் எங்க?" என்றார் சம்பந்தி. "அண்ணன்காரன் தலையில எப்பவும் முத்து வச்ச ரிப்பன் இருக்குமே. பின்னாடி முடிச்சுப் போட்டு ரெண்டு வால் தொங்கும். இந்தத் தலையில ரிப்பன் கட்டின தடமே இல்லையே மேடம்? வெறுந்தலை."

காப்பாட்சியர் காசை வாங்கிப் பார்த்தாள். திருப்பிப் பந்தைப் பார்த்தாள். மறுபடி தலையைப் பார்த்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கத் தொடங்கினாள்.

"என்னம்மா?" என்றார் டாக்டர். மீசையின் இரண்டு நுனியும் சேர்ந்து தாழ்ந்தன. மழைக்கு அது அப்படிச் செய்வதில்லை.

"சார், அன்னைக்கு முறை கண்டுபிடிக்கறேன்னு பாடத்தைப் பாதியில நிறுத்திட்டீங்களே. மீதியைச் சொல்றேன் கேளுங்க. ஜூலியன் மொதல்ல பேரரசர் இல்ல. அண்ணனுக்குக் கீழ இளவரசு மாதிரி, இளையவரா இருந்தார். இளையவருக்கு முத்து ரிப்பன் கிடையாது, காசுல வெறுந்தலைதான். அப்ப தாடியும் கிடையாது. தனியா பேரரசர் ஆனதுக்கு அப்புறம்தான் காசுல தாடி வருது. இந்தப் பந்துக்காரன் காசு அடிச்ச காலத்துல வெறுந்தலையோட இருந்தவர் அவர் ஒருத்தர்தான்." ஓரத்துக் களிம்பைத் தூரிகையால் தட்டினாள். இரண்டு மூன்று எழுத்து மங்கலாகத் தெரிந்தது. "லியா-ன்னு வருதா? ஜூலியானுஸ்."

"அதாவது?" என்றார் டாக்டர், ரொம்ப மெதுவாக.

"இவருக்குத் தாடி இல்ல. ஆனா இவர்தான் தாடிக்காரன்."

டாக்டர் வாதாடிப் பார்த்தார். தாடிக்காரன் என்றால் தாடி வைத்திருப்பவன்தானே, தாடியே இல்லாதவன் எப்படித் தாடிக்காரன் ஆவான் என்றார். சம்பந்தி அலட்டிக்கொள்ளவே இல்லை.

"எங்க தெருவுல மொட்டைன்னு ஒருத்தர் இருக்கார். தலை நிறைய முடி, நான்தான் மாசாமாசம் வெட்டறேன். பேரு பேருதான் சம்பந்தி. நீங்க என்ன சொன்னீங்க? 'இவன் தாடிக்காரன்னா.' தாடிக்காரன்தான். நான் என்ன சொன்னேன்? 'இது தாடி இல்லன்னா.' தாடி இல்ல. ரெண்டு பேரும் தோத்துட்டோம். எந்திரிங்க, சலூனுக்குப் போவோம்."

சலூனில் சம்பந்தி மகனிடமிருந்து நாற்காலியைக் கேட்டு வாங்கினார். மாப்பிள்ளை விஷயம் தெரிந்ததும் கதவருகே போய் நின்றுகொண்டார்; மாமனார் ஓடிவிடுவார் என்று பயந்தாரோ என்னவோ. வெள்ளைத்துணி போர்த்தப்பட்டது. சம்பந்தி கைகழுவிவிட்டு வந்து மீசையைச் சீப்பால் ஒருமுறை வாரினார். அத்தனை காலம் ஆசைப்பட்ட மனிதர் அவசரப்படவில்லை. இடது நுனியை வெட்டும்போது அது கத்தரியை விட்டு இரண்டு முறை விலகியது. மூன்றாவது முறை பிடித்துக்கொண்டு வெட்டினார்.

நுரை, கத்தி, ஈரத்துணி. டாக்டர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். திறந்தபோது கண்ணாடியில் தெரியாத ஆள் ஒருவர் உட்கார்ந்திருந்தார். பாவம், வயதான ஆள். உதட்டை இறுக்கி மூடிக்கொண்டிருந்தார். உதடு குட்டையாக இருந்ததால் முழுதாக மூடவில்லை. நடுவில் இரண்டு பற்கள், கால்மேல் கால் போட்டபடி, வெகுகாலத்துக்குப் பிறகு வெளியே வேடிக்கை பார்த்தன.

சம்பந்தியும் கண்ணாடியில் பார்த்தார். பவுடர் பஞ்சு பாதி வழியில் நின்றது.

"மருமக சின்னப் பொண்ணா இருந்தப்ப எடுத்த போட்டோ ஒண்ணு பாத்திருக்கேன்" என்றார், காதுக்கு மட்டும் கேட்கும்படி. "கம்பி போடறதுக்கு முந்தி."

"ம்."

"அது உங்க மச்சான் பல்லுன்னு சொன்னாங்களே?"

"ம்."

"நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன் சம்பந்தி."

"நீங்க சொல்லவே வேணாம். நான் சிரிச்சா போதும்" என்றார் டாக்டர்.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். எதிரே வந்த பழைய நோயாளி ஒருவர், டாக்டருக்கே பல்வலியா என்று பதறிப்போய் தன் கன்னத்தையும் பிடித்துக்கொண்டார்.

மனைவி மேசையில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். மறுபடி பீன்ஸைப் பார்த்தாள்.

"வந்துட்டீங்களா? தண்ணி சூடா இருக்கு, குளிக்கறதுன்னா குளிங்க."

டாக்டர் கைக்குட்டையை எடுத்தார். "ஒண்ணும் வித்தியாசமாத் தெரியலையா?"

"மீசையை எடுத்துட்டீங்க. சம்பந்தியம்மா அப்பவே போன் பண்ணிட்டாங்க."

"வேற?"

"வேற என்ன? பல்லா?" அவள் ஒரு பீன்ஸின் நாரை உரித்தாள். "அதான் தெரியுமே."

டாக்டர் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். "எப்பலேருந்து?"

"கல்யாணமான மறுநாள் காலையிலேருந்து. வாயைப் பொளந்துட்டுத் தூங்கிட்டிருந்தீங்க. மீசை மேல ஏறி மூக்கை மூடியிருந்துச்சு. மூச்சு நின்னுடப் போகுதேன்னு நான்தான் விலக்கிவிட்டேன். ரெண்டு பல்லும் நல்லாத் தெரிஞ்சுது."

"அப்புறம் ஏன்... உங்க அண்ணன் பல்லுன்னு நான் சொன்னப்ப?"

"எவ்வளவு தூரம் போறீங்கன்னு பாத்தேன். தாடை அமைப்புன்னீங்க. அப்புறம் எங்க பாட்டன் பூட்டன் வரைக்கும் போனீங்க. உதட்டைத் திறக்காமலே அவ்வளவையும் சொன்னீங்க பாருங்க, ரேடியோ கேக்கற மாதிரி இருந்துச்சு. அதை ஏன் கெடுப்பானேன்?"

டாக்டர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பீன்ஸை எடுத்து அவரும் நார் உரிக்கத் தொடங்கினார். இத்தனை வருஷம் களிம்புக்குள் மறைந்திருக்கிறது என்று நினைத்துத் தான் சுமந்தது, அவளுக்கு முதல் நாளே துடைத்த காசாகத் தெரிந்திருக்கிறது. வெட்கமாக இருந்தது. வெட்கத்துக்குக் கீழே, நெம்பிப் பார்த்தால், வேறொன்றும் இருந்தது. தாடை லேசான மாதிரி.

"ஆனா எங்க அண்ணன் பாவம்" என்றாள் மனைவி, கத்தியைக் கீழே வைத்துவிட்டு.

"பாவம்தான்."

"இத்தனை வருஷம் கைய எடுக்காம போட்டோவுக்கு நின்னாரு."

"நாளைக்கு நேர்ல போய்..."

"எதுக்கு நாளைக்கு?" அவள் போனை எடுத்து, படம் தெரியும்படி அழைத்து, டாக்டரின் முகத்துக்கு நேரே நீட்டினாள். "பேச வேணாம். சிரிங்க."

திரையில் மச்சான் வந்தார். பழக்கப்படி கை தானாக வாய்க்குப் போனது. "என்ன மாப்ள, திடீர்னு..." என்று தொடங்கி நிறுத்தினார். டாக்டர் சிரித்தார். கண்ணால் அல்ல, தோளால் அல்ல. படித்து முடித்ததிலிருந்து சிரிக்காத சிரிப்பையெல்லாம் சேர்த்துப் பல்லால் சிரித்தார்.

மச்சான் திரைக்கு அருகே வந்தார். இன்னும் அருகே வந்தார். மூக்கு மட்டும் தெரிந்தது. பிறகு விலகி, வாயை மூடியிருந்த கையை மெல்ல, மெல்லக் கீழே இறக்கினார்.

"மாப்ள" என்றார், "அந்தப் பல்லை எங்கயோ பாத்த மாதிரி இருக்கே?"

பியானோக் கட்டைகள் அத்தனையும் வெளியே வந்தன. மனிதர் போனை வைக்கும்வரை வாயை மூடவில்லை. அதற்கப்புறமும் மூடவில்லை என்று அவர் மனைவி சொன்னாள். தூங்கும்போதும் சிரித்துக்கொண்டே தூங்கினாராம், ஈ நுழைந்துவிடும் என்று கொசுவலை கட்டவேண்டியிருந்ததாம்.

அடுத்த செவ்வாய்க்கிழமை காசு கண்ணாடிப் பெட்டிக்குள் போயிருந்தது. கீழே காப்பாட்சியர் ஒரு சின்ன அட்டை வைத்திருந்தாள்: 'ஜூலியன், இளையவராக இருந்தபோது. தாடிக்கு முன்.' சம்பந்தி பக்கத்தில் நின்றார். அவர் கன்னத்தில் வெள்ளையும் சாம்பலுமாக அங்கங்கே முளைத்திருந்தது. டாக்டர் விளக்கை வளைத்து அவர் தாடையில் வெளிச்சம் அடித்துப் பார்த்தார்.

"காறை" என்றார். "கொக்கி எடுக்கவா?"

"கிட்ட வராதீங்க, இது பந்தயத் தாடி" என்றார் சம்பந்தி. டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். காப்பாட்சியர் இந்த முறையும் சத்தம் போடாதீர்கள் என்றாள், தானும் சிரித்துக்கொண்டே.

அன்று சாயங்காலம் பெரிய மழை. தெருவில் ஒருவருக்கும் தகவல் இல்லை. மாடிக்கு மாடி துணிகள் தொப்பலாக நனைந்தன, எதிர்வீட்டுக்காரர் மொட்டை மாடியிலிருந்து, "என்ன டாக்டர், சொல்லக்கூடாதா?" என்று கத்தினார். பல் டாக்டர் பால்கனியில் நனைந்துகொண்டே நின்று, வாய் நிறைய அவரைப் பார்த்துச் சிரித்தார்.